பேர் போட்டவர் வந்து கழட்டட்டும்

கிட்டே வாருங்கள். நாற்காலியை இப்படி நிழல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காலடியில் நிற்கிற அந்த வாத்தை மட்டும் விரட்ட வேண்டாம். முகமெல்லாம் சிவப்புப் பருவாக, பார்க்கக் கொஞ்சம் அவலட்சணம்தான். ஆனாலும் கரண்ட் விற்கிற ஒரு கம்பெனியை வாசலோடு திருப்பி அனுப்பிய வம்சம் அது. டீ ஆறுவதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆறிப்போனால் வேறு போட்டுத் தருகிறேன், கவலைப்படாதீர்கள்.

நிலக்கரி தோண்டிக் கரண்ட் எடுக்கிற எங்கள் ஊர் மோர்வெல்லில் ரேனோ கிரெக்கைத் தெரியாதவர் அப்போது கிடையாது. நஸரேனோ என்பது முழுப்பெயர். பதினெட்டு வயதில் மால்டாவிலிருந்து கப்பலேறி வந்து, பவர்ஹவுஸில் ஃபிட்டராகச் சேர்ந்து, முப்பத்து மூன்று வருஷம் டர்பைன்களுக்கு நடுவில் நடந்தவர். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். அவர் மனைவி ஃபிலுமேனா. எங்களுக்கு மேனா. குள்ளம், கையில் எப்போதும் மாவு, வாயில் அதிகம் பேச்சு வராது. அந்த வீட்டில் பேசுவது ரேனோவின் இலாகா. ஃபோன் அவர் பேரில், வீடு அவர் பேரில், பேங்க் அவர் பேரில், கரண்டும் அவர் பேரில். மற்ற வேலை எல்லாம் மேனாவுடையது.

அரசாங்கம் மின்வாரியத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றபோது, கையில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ரேனோவும் ஒருவர். அந்தக் காசில் சிலர் படகு வாங்கினார்கள். சிலர் வடக்கே வெயில் ஊருக்குக் குடிபோனார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. மேனா வீட்டுக்கு இரண்டு பக்கமும் அன்றிலிருந்து காலி. ரேனோ ஆறு வாத்து வாங்கினார்.

வாரியம் இருந்தவரை, கரண்ட் விஷயமாக எது என்றாலும் கடைத்தெரு ஆபீசுக்கு நடந்து போவோம். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் தடிப் புத்தகத்தைப் புரட்டி, பழைய பேரை அடித்துப் புதுப் பேரை எழுதி, பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்டு அனுப்புவார். இப்போது அந்த இடத்தில் தரைவிரிப்புக் கடை. கரி தோண்டுவது ஒரு கம்பெனி, கம்பி இழுப்பது ஒரு கம்பெனி, பில் அனுப்புவது ஒரு கம்பெனி. விலை இறங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இறங்கினது கடிதத்தில்தான், பில்லில் இல்லை. எதிர்வீட்டுக் கீஸ் இதைப் பற்றி எப்போதும் ஒன்றே சொல்வான்: "நம்ம கொல்லையில மாட்டைக் கறந்து, அதே பாலை நமக்கே தபால்ல விக்கிறான்." கீஸ் டச்சுக்காரன், ரேனோவோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

அந்த வாத்து முட்டைகளைப் பொரிக்க ரேனோ ஒரு பெட்டி வைத்திருந்தார். சாதாரணப் பெட்டி என்று நினைக்க வேண்டாம். பழைய சுவிட்ச்போர்டின் இரும்புக் கூட்டை அறுத்து, உள்ளே கம்பளி திணித்து, சூடாக்கிக் கம்பியும் தெர்மாஸ்டாட்டும் வைத்து, வேலை போவதற்கு முன்னாலேயே திட்டம் போட்டு, பவர்ஹவுஸிலேயே செய்தது. வாரிய நேரத்தில் வாரிய இரும்பில் சொந்தச் சாமான் செய்துகொள்வது எங்கள் ஊரில் பாவக் கணக்கில் சேராது. பாதி வீட்டுக் கேட்டுகள் அப்படிப் பிறந்தவைதான். இந்தப் பெட்டி மூன்று துண்டாக, மூன்று ஷிப்டில், கீஸின் காரில் வெளியே வந்தது. துணி துவைக்கிற கொட்டகையில் தரையோடு போல்ட் போட்டு, சுவரோடு ஒயர் இழுத்து வைத்துவிட்டார். நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

அந்த வருஷம் குளிர்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டு முட்டைகளை உள்ளே அடுக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழியம். காலை பெருக்கல் மேலே, மத்தியானம் சுழியம் மேலே, சாயங்காலம் மறுபடி பெருக்கல். திருப்பாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஜாதி வாத்துக்கு முப்பத்தைந்து நாள். புதன்கிழமை அவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் மேனா கையைப் பிடித்துக்கொண்டு, தன் வழக்கத்துக்கு ரொம்ப மெதுவாக, "முட்டையைத் திருப்பினியா?" என்று கேட்டார். திருப்பிவிட்டேன் என்றாள். அவ்வளவுதான். வியாழன் விடியலில் போய்விட்டார்.

மேனாவுக்கு அந்த வாத்துகளை ஒரு நாளும் பிடித்ததில்லை. துணி காய்கிற இடமெல்லாம் அசிங்கம் பண்ணும் என்று திட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் ஊரே சமைத்துக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கும், கறுப்பு உடையோடு கொட்டகைக்குப் போய்ப் பதினெட்டையும் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பேர் மாற்றுகிற வேலையைத் தொடங்கினாள். பேங்கில் அரை மணி ஆயிற்று. ஃபோன்காரர்கள் ஒரு தாள் அனுப்பினார்கள். கரண்டுக்கு, கால் தன் பழக்கத்தில் கடைத்தெருவுக்கே கூட்டிப்போனது. தரைவிரிப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து, பில்லில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, சங்கீதம் கேள். உங்களுக்கும் தெரிந்ததுதானே. கடைசியில் ஒரு குரல் வந்து கணக்கு நம்பரைக் கேட்டது. பிறகு மிஸ்டர் கிரெக்கிடம் பேச முடியுமா என்றது. அவர் இறந்துவிட்டார் என்றாள் மேனா. குரல் வருத்தம் தெரிவித்தது. ரொம்ப மரியாதையான வருத்தம். அதற்குப் பிறகு, கணக்கில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் அதை மாற்ற முடியும், வேறொருவரிடம் அவர் விவரங்களைப் பேசக் கூடாது என்பது விதி என்றது. மறுநாள் வேறு குரல், அதே வருத்தம், அதே விதி. மூன்றாவது குரல் இறப்புச் சான்றிதழை அனுப்பச் சொன்னது; தபாலில் அனுப்பினாள். நாலாவது தடவை, என் பேரில் புதுசாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அந்த விலாசத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடுகிறது, அது மூடினால்தான் புதுசு திறக்கும் என்றார்கள். வேறு கம்பெனிக்கு மாறலாமா? தாராளமாக மாறலாம், மிஸ்டர் கிரெக் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

முப்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு கடிதம் வந்தது. மேனா அதை எடுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே நானும் இருந்தேன். கீஸின் மனைவியிடம் கேக் அச்சு இரவல் வாங்க வந்திருந்தேன். கீஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தான். அன்புள்ள நஸரேனோ, நீங்கள் வீடு மாறிப் போவதை அறிந்தோம், இத்தனை நாள் எங்களோடு இருந்ததற்கு நன்றி. வியாழக்கிழமை இந்த முகவரியில் மின்சாரம் துண்டிக்கப்படும். உங்கள் புது வீட்டுக்கும் எங்களிடமே மின்சாரம் வாங்கினால் முதல் மாதம் பத்து சதவீதம் தள்ளுபடி.

கீஸ் கடிதத்தை மடித்தான். "இந்தத் தள்ளுபடி அங்க எடுபடாது மேனா. ரேனோ போயிருக்கிற எடத்துல சூடு இலவசம்."

"அவரு மேலதான் போயிருக்காரு," என்றாள் மேனா. "கீழ உனக்குத்தான் எடம் புடிச்சு வச்சிருக்கு."

கீஸ் சிரித்தான். மேனாவும் சிரித்தாள், நாலு வாரத்தில் முதல் தடவையாக. பிறகு சிரிப்பு நின்றுபோனது. வியாழன் என்றால் முப்பத்திரண்டாம் நாள். முட்டை பொரிய இன்னும் மூன்று நாள் இருக்கும். துண்டித்தால் கணக்கு மூடும், மூடினால் புதுக் கணக்கு திறக்கும், திறந்து மறுபடி கரண்ட் வர பத்து வேலை நாள். செப்டம்பர் எங்களுக்கு வசந்தத் தொடக்கம்; ஆனாலும் விடியற்காலைப் புல் உறைபனியில் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு நாள் சூடு போனாலே உள்ளே இருப்பது போய்விடும்.

வழிகளை எல்லாம் யோசித்தோம். மறுபடி ஃபோன் பண்ணினாலும் மிஸ்டர் கிரெக்கைத்தான் கேட்பார்கள். எதிர்வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால் நடுவில் கரி லாரி போகிற ரோடு. பெட்டியை நகர்த்த முடியாது. முட்டைகளைத் தன் வீட்டில் கேக் சுடுகிற அடுப்பில் வைக்கலாம் என்றான் கீஸ். எத்தனை டிகிரியில் என்று அவன் மனைவி கேட்டதும் வாயை மூடிக்கொண்டான். மின்சாரக் கம்பளியைத் தருகிறேன் என்றேன் நான். அதற்கும் மின்சாரம் வேண்டுமே என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மேனா வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியின் கதவுக் கீலில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. வேறு திருகு தேடி ரேனோவின் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள். திருகுகளுக்கு நடுவில் ரப்பர் போட்ட ஒரு கட்டு விழுந்தது. ஆபத்து அட்டைகள்.

எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்னால் அந்த அட்டை தெரியும். வெள்ளை அட்டை, சிவப்பு ஓரம், மேலே துளை, நடுவில் 'ஆபத்து – இயக்காதே'. கீழே பேர், பிரிவு, தேதி. ஓர் இயந்திரத்துக்குள் இறங்குகிறவன் அதன் சுவிட்சில் தன் அட்டையை மாட்டிவிட்டு இறங்குவான். வேலை முடிந்து ஏறி வந்து அவனே கழட்டுவான். பேர் போட்டவன் தவிர வேறு யாரும் தொடக் கூடாது; ஃபோர்மேன் தொடக் கூடாது, மந்திரி வந்தாலும் தொடக் கூடாது. அடுத்தவன் அட்டையில் கைவைத்தவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். எல்லாவற்றுக்கும் கொடி பிடிக்கிற யூனியன்கூட அவனுக்காக வாய் திறக்காது. கணவன் மாலையில் முழுசாக வீட்டுக்கு வந்தது அந்த ஒரு விதியால்தான் என்று இங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

ரேனோவுக்கு எண்ணெய்க் கையோடு எழுதப் பிடிக்காது. அதனால் கட்டு முழுவதிலும் முன்கூட்டியே பேரையும் பிரிவையும் எழுதி வைத்திருந்தார். N. கிரெக், டர்பைன். மேனா அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் யாருடையதோ அவர்தான் மாற்ற முடியும். இரண்டு வாரமாக ஃபோனில் கேட்ட அந்த வாக்கியத்தை, அவர் வேலைக்குப் போன காலமெல்லாம் அவள் தன் சாப்பாட்டு மேஜையிலேயே கேட்டிருந்தாள்.

ஓர் அட்டையை மட்டும் உருவி எடுத்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஏணி கட்டிய வண்டி வந்து நின்றது. லைன்மேன் பேர் கிளென் ட்விக். முப்பத்தைந்து வயது இருக்கும், கம்பிக் கம்பெனியின் ஒப்பந்தக்காரரிடம் வேலை. வாரியம் விற்கப்படுவதற்கு முன்னால் அது எடுத்த கடைசித் தொழிற்பயிற்சிப் பையன்களில் ஒருவன். காலி வீடு என்று தாளில் போட்டிருந்தது. வாசலில் மேனா ஏப்ரனோடு நிற்பதைப் பார்த்து, விலாசத்தை இன்னொரு தடவை சரிபார்த்தான்.

"சரியான வீடுதான் கண்ணு," என்றாள் மேனா. "மீட்டர் பெட்டி உனக்கு வலது பக்கம்."

பெட்டியைத் திறந்தான். மெயின் சுவிட்சின் பிடியில் நூல் கட்டி, அந்த அட்டை தொங்கியது. கிளென் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இழுத்தான் என்று கீஸ் பிறகு சொன்னான். கீஸ் எதிர்ப்பக்கம் தன் வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் மாட்டுனது இது?"

"பேரைப் படி."

படித்தான். ரேனோ கிரெக்கை அவனுக்கும் தெரியும். தெரியாதவர் கிடையாது என்றுதான் முதலிலேயே சொன்னேனே. தொப்பியைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டான். அவர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், இந்த வீடு என்று தெரியாது என்றான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"இது சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு மாட்டுற அட்டை, மிஸஸ் கிரெக். நீங்க ஆன்ல மாட்டியிருக்கீங்க."

"அட்டையில ஆஃப்னு எழுதியிருக்கா?"

"இல்ல. இயக்காதேன்னு இருக்கு."

"அப்ப இயக்காதே."

கிளென் காதைச் சொறிந்தான். "தேதி போடலியே."

"அவருக்கு இனிமே தேதி எதுக்கு?"

அவன் குனிந்து அட்டையை இன்னொரு தடவை படித்தான். மேனா ஒரு படி இறங்கி வந்தாள். அவ்வளவு நேரம் ஓர் ஆம்பிளையோடு அவள் தொடர்ந்து பேசினதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

"நீ எங்க கத்துக்கிட்டே? இங்கதானே? சொல்லு, இதை யார் கழட்டலாம்?"

பள்ளிக்கூடத்தில் எழுப்பிக் கேட்ட மாதிரி அவன் சொன்னான். "பேர் போட்டவர்."

"அவர் வந்து கழட்டட்டும். கழட்டினா நீ உன் வேலையைப் பாரு. நான் குறுக்க நிக்கமாட்டேன், டீ போட்டுத் தரேன்."

கம்பத்தில் ஏறி ஃப்யூஸைப் பிடுங்கலாம் என்று ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கும் முதலில் கீழே மெயினை அணைத்திருக்க வேண்டும். கிளென் கம்பத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், வண்டிக்குப் போய் டிப்போவைக் கூப்பிட்டான். டிப்போவில் இருந்தவரும் பழைய வாரிய ஆள்தான். விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டாராம். பேர் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். இருக்கிறது. "அப்ப வண்டியை எடுத்துக்கிட்டு அடுத்த வேலைக்குப் போ," என்றாராம்.

அட்டை போட்டவர் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. வேலையைக் கொடுத்தவர், அதாவது இங்கே பில் அனுப்புகிற கம்பெனி, அந்த ஆளைத் தேடிப் பிடித்து, பேசி, ஒப்புதல் வாங்கித் தர வேண்டும். கிளென் தாளில் அப்படியே எழுதினான்: பாதுகாப்பு அட்டை உள்ளது, துண்டிக்க முடியவில்லை, திரு. N. கிரெக்கைத் தொடர்புகொண்டு அகற்றச் சொல்லவும். எழுதும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மேனா கொடுத்த டீயைக் குடித்தான், இரண்டு சீஸ் பணியாரம் தின்றான், கொட்டகைக்குப் போய் முட்டைகளைப் பார்த்தான். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாகவும், பொரிந்தால் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டான்.

"ஒத்தையா விட்டா கத்தும்," என்றாள் மேனா. "ரெண்டா எடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை ஃபோன் அடித்தது. இத்தனை நாளில் கரண்ட் கம்பெனியே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மெலிண்டா என்று பேர் சொன்னாள். சின்னப் பெண் குரல், திரையில் இருப்பதைப் படிக்கிற குரல்.

"நஸரேனோ கிரெக் இருக்காரா? அவர் மாட்டின பாதுகாப்பு அட்டை ஒண்ணு இருக்காம். அவரே வந்து எடுத்தாத்தான் எங்களால மேற்கொண்டு எதுவும் செய்ய முடியுமாம்."

"அவர் இல்ல."

"எப்ப இருப்பார்?"

"இருக்கவே மாட்டார் கண்ணு. செத்து நாலு வாரம் ஆச்சு. நாலு தடவை ஃபோன்ல சொன்னேன். சான்றிதழும் அனுப்பினேன்."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். "வருந்துகிறோம்," என்றது குரல். அப்புறம், "அப்படின்னா அந்த அட்டையை நீங்களே எடுத்துடலாமே?"

"அதுல என் பேர் இல்லியே," என்றாள் மேனா. "பேர் யாருதோ அவர்தான் மாத்தணும்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. நல்ல விதிதான். எங்க ஊர்லயும் அதேதான்."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று மேனாவுக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு வந்தது படிக்கிற குரல் இல்லை, சொந்தக் குரல். ஒரு நிமிஷம் இருங்க, ஃபோனை வச்சிடாதீங்க, நானும் வைக்கமாட்டேன் என்றாள் மெலிண்டா. சங்கீதம் போடவில்லை, அவள் தாள்களைத் தேடுகிறதும் முனகுகிறதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சான்றிதழ் அவர்களிடம் பத்திரமாகத்தான் இருந்தது. அடக்கம் செய்த இடம் என்று அதில் கல்லறைத் தோட்டத்தின் விலாசம் இருக்கும் அல்லவா? யாரோ ஒரு புண்ணியவான் அதை, வாடிக்கையாளர் குடிபோகிற புது முகவரி என்ற கட்டத்தில் பதிந்துவிட்டிருந்தார். அங்கிருந்து மற்றது எல்லாம் தன்னால் ஓடியிருக்கிறது: வீடு மாறுகிறார், பழைய வீடு காலி, காலி வீட்டுக்குத் துண்டிப்பு, புது வீட்டுக்குத் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிக் கடிதத்தின் இன்னொரு பிரதி கல்லறைத் தோட்டத்துக்கும் போயிருந்தது. மெலிண்டா இதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள், ரொம்ப ரொம்ப மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை, அவருக்குத் தபால் வந்தால் சந்தோஷம்தான் என்று மேனா சமாதானம் சொன்னாள்.

குடும்பத்தில் ஒருவர் இறந்தால் பேர் மாற்ற ஒரு படிவம் இருந்ததாம். தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். உங்க பேரை எழுத்து எழுத்தா சொல்லுங்க என்றாள். மேனா சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். நாலு நிமிஷம். துண்டிப்பு ரத்து.

"இப்ப கணக்கு உங்க பேர்ல வந்துடுச்சு, மிஸஸ் கிரெக். உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?"

அது அவர்கள் கடைசியில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மேனா அதற்கும் உண்மையாகவே யோசித்தாள். வேண்டாம், முட்டை திருப்புகிற வேலை இனிமேல் கிடையாது, கடைசி மூன்று நாள் அதைத் தொடக் கூடாது என்றாள். என்ன முட்டை என்று மெலிண்டா கேட்டாள். எத்தனை அழைப்பு வரிசையில் காத்திருந்ததோ தெரியாது, முட்டைக் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, கால்பந்து இறுதி ஆட்டம். கீஸ் தன் வீட்டு டிவியை விட்டுவிட்டு மேனா வீட்டு டிவியைப் பார்க்க வந்தான். மேனாவைத் தனியாக விடக் கூடாது என்றான். பணியாரத்துக்கு வந்தான் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். இரண்டாம் பாதி நடக்கும்போது மேனா கொட்டகையிலிருந்து வந்து டிவிக்கு முன்னால் நின்றாள். நகரு நகரு என்று கீஸ் கத்தினான். அவள் நகரவில்லை. "உள்ள யாரோ தட்டுறாங்க," என்றாள்.

ஆட்டம் யாருக்கு வேண்டும்? எல்லோரும் கொட்டகையில் நெருக்கியடித்து நின்றோம். சுழியத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். உள்ளிருந்து டக், டக் என்று அவசரமில்லாமல் ஒரு சத்தம். கீஸ் ரொம்ப நேரம் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். "ரேனோவோட குஞ்சுன்னா முதல்ல சத்தம்தான் வரும்," என்றான். குரல் கொஞ்சம் கரகரத்தது. புகைப் பழக்கம் என்றான்.

ஞாயிறு மாலைக்குள் பதினாலு குஞ்சு வெளியே வந்திருந்தது. மஞ்சளும் கறுப்புமாய், நனைந்த துடைப்பம் மாதிரி. இரண்டு கிளென் வீட்டுக்கு. இரண்டு கீஸுக்கு. டிப்போக்காரர் யாரிடமும் சொல்லாமல் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து இரண்டு எடுத்துப்போனார். எனக்கு இரண்டு. மீதியை மேனாவே வைத்துக்கொண்டு, துணி காயப்போடுகிற இடத்தை மாற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை ஃபோன் அடித்தது. அலுவல் விஷயமாக இல்லை என்றாள் மெலிண்டா. இடைவேளையில் கூப்பிடுகிறேன், எத்தனை வந்தது? பதினாலு என்றாள் மேனா. அந்தப் பக்கம் அவள் திரும்பி யாரிடமோ பதினாலாம் என்று சொல்வதும், இன்னும் நாலைந்து குரல்கள் கை தட்டுவதும் கேட்டது. அதே வருத்தம் தெரிவித்த குரல்களாகவும் இருக்கலாம்.

அடுத்த பில் ஃபிலுமேனா கிரெக் என்ற பேருக்கு வந்தது. நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டுக்கு அவள் பேர் போட்டு வந்த முதல் பில். தினக் கட்டணம் கொஞ்சம் ஏறியிருந்தது. "உன் பேர்ல வந்ததும் வெலை ஏத்திட்டான் பாத்தியா," என்றான் கீஸ். "அவர் கத்தினா பயந்துக்கிட்டு இருந்தான்." மேனா பில்லை அவன் கையிலிருந்து வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஃபோனில் பேசுகிற வேலையும் இப்போது அவள் இலாகாதான். ஏதாவது கம்பெனி தகராறு என்றால் தெருவில் மற்றவர்களும் பில்லை எடுத்துக்கொண்டு அவளிடம் போகிறோம். மணிக்கணக்கில் சங்கீதம் கேட்பாள், மாவைப் பிசைந்துகொண்டே.

அந்த அட்டையா? அங்கேயேதான் இருக்கிறது. ஒரு தடவை புது மீட்டர் மாட்ட வேறு ஊர்ப் பையன் வந்தான். எடுக்கலாமா என்று கேட்டான். அது அவருடையது, நான் எப்படி எடுப்பது என்றாள் மேனா. அவன் யோசித்துவிட்டு, தன் டிப்போவைக் கேட்டுவிட்டு, அட்டை தொங்குகிற சுவிட்சை அப்படியே விட்டுச் சுற்றி வேலை பார்த்துவிட்டுப் போனான். சிவப்பு வெளுத்து ரோஜா நிறம் ஆகிவிட்டது. பேர் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

டீ ஆறிவிட்டது பாருங்கள், வேறு போடுகிறேன். கிளம்பும்போது நாலு முட்டை எடுத்துப்போங்கள். உங்கள் வீட்டு விளக்கு நீங்கள் அணைக்கும்போது மட்டும் அணையட்டும். அடுப்படி எப்போதும் கதகதப்பாக இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் மாலையில் முழுசாகத் திரும்பி வரட்டும். நீங்கள் கூப்பிடுகிற ஃபோனை எடுப்பது பேர் சொல்லிப் பேசுகிற ஒரு மனுஷியாக இருக்கட்டும்.